பதிவேட்டில் திரிபுரசுந்தரிகள்

பிறப்புப் பதிவு மேசையில் உட்காருகிறவருக்கு எழுதத் தெரிந்தால் மட்டும் போதாது. ஒரே குழந்தைக்கு இரண்டு வீட்டார் இரண்டு பெயர் சொல்லும்போது பேனாவை மூடி வைக்கவும் தெரிய வேண்டும். திருக்கழுக்குன்றத்துக்கும் கடலுக்கும் நடுவே இருந்த ஒரு சின்ன அலுவலகத்தில் தொண்ணூறாம் வருஷத்திலிருந்து பத்தொன்பது வருஷம் அந்த வேலையைப் பார்த்தேன். போதாக்குறைக்கு என் பெயர் திரிபுரசுந்தரி. தமிழில் எட்டே எழுத்து. இங்கிலீஷில் என் அப்பா எழுதிக் கொடுத்தபடி பதினாறு. ரேஷன் கார்டில் ஒரு மாதிரி, வங்கிப் புத்தகத்தில் வேறு மாதிரி, வாக்காளர் பட்டியலில் பாதியோடு நின்றுபோன பெயர் உங்களில் யாருக்காவது இருந்தால், வாருங்கள், நீங்களும் நம்ம ஆள்தான்.

மூன்று லோகம்

வேலையில் சேர்ந்த புதிதில் பழைய பதிவேடுகளைத் தூசி தட்டி அடுக்கச் சொன்னார்கள். ஐம்பது, அறுபதுகளின் கட்டுகளைப் பிரித்தால் பக்கத்துக்கு ஒரு திரிபுரசுந்தரியாவது இருந்தாள். திரிபுரம்மாள், திரிபுரம், வெறும் சுந்தரி என்று கிளைகள் வேறு. திருக்கழுக்குன்றத்து அம்மனின் பெயர் அது. ஆடிப்பூரத்தை ஒட்டிப் பிறந்த பெண் குழந்தை என்றால் பெற்றவர்கள் வேறு பெயரை யோசிப்பதே இல்லை. என் வகுப்பிலேயே நாங்கள் நான்கு பேர். ஆசிரியை எங்களை இனிஷியல் சொல்லித்தான் கூப்பிடுவார்.

ஏழுமலை என்று ஒருவர், உள்பக்கத்துக் கிராமத்தில் மணிலாக் கடலை பயிர் வைப்பவர், மூன்றாவது பெண்ணைப் பதிய வந்தார். மனைவியின் வேண்டுதல், அம்மன் பெயர்தான் என்றார். எழுதி, கையெழுத்தும் வாங்கிய பிறகுதான் அர்த்தம் கேட்டார். "மூணு லோகத்துலயும் அழகின்னு அர்த்தம்" என்றேன். மேசை மேல் இருந்த என் பெயர்ப் பலகையை ஒரு முறை பார்த்தார், என்னை ஒரு முறை பார்த்தார். அதைப் பற்றி ஒன்றும் சொல்லாத பெரிய மனசுக்காரர். தன் கவலையை மட்டும் சொன்னார்: "ஒரு ஊர்ல அழகா இருந்தாலே பொண்ணப் பெத்தவனுக்குப் பேஜாரு. மூணு லோகத்துக்கு நான் எங்கம்மா காவலுக்குப் போவேன்?"

கட்டம் போதவில்லை

அணுசக்தி நகரியத்தில் வேலை பார்க்கும் திருநெல்வேலிக்காரர் ஒருவர். குழந்தை இல்லாமல் ஏழு வருஷம் இருந்து, இங்கே மலையைச் சுற்றி வந்து வேண்டிக்கொண்ட பிறகு பிறந்த பெண். நன்றிக்கு அம்மன் பெயரையே வைத்துவிட்டார். மூன்று வருஷம் கழித்து, மனைவியோடு பள்ளிக்கூட விண்ணப்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். இங்கிலீஷில் பெயர் எழுத அதில் பன்னிரண்டு கட்டம்தான் இருந்தது. சான்றிதழில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுத வேண்டும் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்களாம். "சுந்தரின்னு மட்டும் மாத்திக் குடுங்க" என்றார்.

எழுத்துப் பிழையைத் திருத்தலாம், பெயரையே வெட்ட முடியாது என்று விதியைச் சொன்னேன். கட்டத்துக்கு வெளியே எழுதுங்கள், யாரும் ஒன்றும் செய்ய மாட்டார்கள் என்று என் சொந்த அனுபவத்தையும் சொன்னேன். அவர் பேனாவை எடுத்து, ஒரே கட்டத்தில் இரண்டு இரண்டு எழுத்தாக நுழைத்துப் பார்த்தார். பொறுக்க முடியாமல் மனைவி சொன்னார்: "ஆபீஸ்ல என்னவெல்லாமோ பெரிய பெரிய கணக்குப் போடுதிய. இந்தக் கட்டத்தை முன்னாடியே எண்ணிப் பாத்திருக்கக் கூடாதா?"

என் வீட்டுக் கதை

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தொண்ணூற்று மூன்றில் எனக்குப் பெண் பிறந்தது. அதற்குள் காற்று மாறிவிட்டிருந்தது. வருகிறவர்கள் எல்லோரும் திவ்யா, பிரியா, சரண்யா என்றார்கள். ஒரு வருஷக் கட்டு முழுக்கத் தேடினாலும் திரிபுரசுந்தரி அபூர்வம். நான் என் மகளுக்கு ரம்யா என்று வைத்தேன். மூன்றே எழுத்து, எந்த விண்ணப்பத்திலும் அடங்கும். விடுப்பு முடிந்து வந்து, பதிவேட்டில் எழுதச் சொல்லி மூத்த எழுத்தர் கஜேந்திரனிடம் காகிதத்தை நீட்டினேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "வர்ற ஜனங்ககிட்ட எல்லாம் அம்மன் பேரு நல்ல பேருன்னு சொல்லிக்கினு இருந்தியே. அதெல்லாம் ஊருக்குத்தானா?"

எண் கணிதம்

இரண்டாயிரம் பிறந்த பிறகு கையில் எண் ஜோசியர் கொடுத்த சீட்டோடு வர ஆரம்பித்தார்கள். மறைமலைநகரில் கம்பெனி பஸ் ஓட்டுகிற முருகேசன் மூன்று முறை வந்தார். முதல் முறை திரிபுரசுந்தரி. இரண்டாம் முறை, கூட்டுத்தொகை சரியில்லை என்று இங்கிலீஷில் ஒரு எழுத்தைக் கூட்டச் சொன்னார். குழந்தைக்குக் காய்ச்சல் வந்ததும் மூன்றாவது சீட்டு வந்தது: சுந்தரியையே எடுத்துவிட்டு, திரிபுரா. திருநெல்வேலிக்காரருக்குச் சொன்ன விதியைத்தான் இவருக்கும் சொன்னேன். சான்றிதழில் உள்ளது அப்படியே இருக்கட்டும், வீட்டில் திரிபுரா என்றே கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று போனார்.

ஆறு மாதம் கழித்துக் கடைத்தெருவில் பார்த்தேன். குழந்தை தோளில் இருந்தது, கன்னம் உப்பி நன்றாகவே இருந்தது. திரிபுரா எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். "அத்த வுட்டுட்டேன் மேடம். பஸ்ல எல்லாப் பசங்களும் 'இன்னாண்ணே, அடுத்தது மணிப்பூரா, அசாமா'ன்னு கேட்டு உயிர எடுக்குறானுங்க!"

கையெழுத்து

இரண்டாயிரத்து எட்டில், சதுரங்கப்பட்டினம் பக்கத்து மீனவர் குப்பத்திலிருந்து ஒரு தாயும் மகளும் வந்தார்கள். மகள் திவ்யாவுக்கு நர்ஸ் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. பிறப்புச் சான்றிதழ் கேட்டிருந்தார்கள். பத்து நாள்தான் கெடு. அவள் சொன்ன தேதியில் திவ்யா என்று யாருமே இல்லை. ஆனால் அதே தேதியில், அதே அப்பா, அதே அம்மா பெயரில், வீட்டில் பிறந்த பெண் குழந்தை என்று ஒரு திரிபுரசுந்தரி இருந்தாள். "அது நான் இல்ல மேடம்" என்றாள். எனக்கு அந்தப் பக்கம் நன்றாக நினைவிருந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் எழுதியது.

அன்றைக்கு அவள் அப்பா பாளையம், கடலிலிருந்து நேராக வந்தவர் போல லுங்கி நுனி ஈரமாக நின்றார். பிரசவம் கஷ்டமாகி, ராத்திரி முழுக்க அம்மனை வேண்டிக்கொண்டாராம். உதவியாளர் வழக்கம்போல மைப்பெட்டியை நீட்டினார். பாளையம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "அம்மன் பேருக்குக் கீழ கைநாட்டு வேணாம்" என்றார். ஒரு பழைய தாள் வாங்கி, யாரோ எழுதிக் கொடுத்திருந்த துண்டுச் சீட்டைப் பார்த்துப் பார்த்து எழுதிப் பழகினார். அரைமணி நேரம் ஆனது. பிறகுதான் பதிவேட்டில் எழுதினார். நான்கு எழுத்தும் நான்கு பக்கம் சாய்ந்திருந்தன. வீட்டில் அவர் இதைச் சொல்லவில்லை என்பது இப்போதுதான் தெரிந்தது. மகளுக்கு நான்கு வயதானபோது அவர் கடலோடு போய்விட்டார். அம்மா பள்ளியில் தனக்குப் பிடித்த பெயரைச் சொல்லிச் சேர்த்திருந்தார்.

பதிவேட்டை அந்தப் பெண் பக்கம் திருப்பி வைத்தேன். விரலைக் கொண்டுபோனாள், எழுத்தைத் தொடவில்லை. "எங்கப்பா கைநாட்டுன்னுதான வூட்ல எல்லாரும் சொல்வாங்க" என்றாள். அவள் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "பாவி மனுசன், எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே" என்று அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். திவ்யாவும் திரிபுரசுந்தரியும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் வாங்கச் சொல்லி அனுப்பினேன். கெடுவுக்கு இரண்டு நாள் முன்னால் இடம் உறுதியானது.

சான்றிதழிலிருந்து இந்தப் பெயரை எடுக்க என்ன வழி என்று கேட்பாள் என்று நினைத்திருந்தேன். வருஷக் கடைசியில் அரசிதழ் நகலோடு வந்தாள். பதினெட்டு முடிந்ததும் பள்ளிச் சான்றிதழில் இருந்த பெயரைத்தான் திரிபுரசுந்தரி என்று மாற்றியிருந்தாள். ஏன் இவ்வளவு அலைந்தாய் என்று கேட்டேன். "திவ்யான்னு கூப்ட்டா திரும்புவேன் மேடம். கையெழுத்து மட்டும் இனிமே இதான்."

மீண்டும் நாகரிகம்

நான் மாற்றலாகிப் போவதற்குச் சில மாதம் முன்பு, பழைய மாமல்லபுரம் சாலையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்யும் கணவன் மனைவி வந்தார்கள். குழந்தைக்கு முழுப்பெயர் திரிபுரசுந்தரி, கூப்பிட டியா. "இந்தப் பேரு இப்ப யாருக்குமே இல்ல மேடம், அதான் புதுசா இருக்கு" என்றாள் அந்தப் பெண். பக்கத்தில் கணவரின் அம்மா, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, கல்யாண வீட்டில் பந்தி கிடைக்காதவர் போல முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். அவர் பெயரும் திரிபுரசுந்தரி.

எழுதி முடித்து, கீழே என் பெயரைப் போட்டு முத்திரை குத்தினேன். அந்த அம்மாள் எட்டிப் பார்த்தார். முகமே மாறிவிட்டது. தனக்குச் சாட்சி கிடைத்துவிட்டது என்பதுபோல மேசையைத் தட்டினார். "நீயும் அதானா? அப்ப நீயே சொல்லும்மா இவங்களுக்கு. அறுவது வருசமா ஒரு ஃபாரத்துலயாவது இத்த முழுசா எழுத வுட்டானுங்களா?"

பத்தொன்பது வருஷத்தில் நான் கண்டது இவ்வளவுதான்: பெயர் வைக்கிறவர்கள் அதைச் சுமப்பதில்லை, சுமக்கப் போகிறவர்களை யாரும் கேட்பதில்லை, நடுவில் உட்கார்ந்து பிழையில்லாமல் எழுதினவளைத்தான் இரண்டு பேரும் திட்டுகிறார்கள்.