கூசி அடுப்பு மூட்டின நாள்

செயின்ட்-லோரன்ட் தெருவில ஒரு இறைச்சிச் சாப்பாட்டுக் கடையில நான் கோப்பை கழுவிக்கொண்டிருந்தன். அங்க பெரிய சமையல்காரர் மெக்சிகோக்காரர். ஊரில மாட்டு மந்தையோட கூடவே அலைஞ்சு, மேய்க்கிறவைக்குச் சமைச்சவராம். அப்பிடியான ஆளை அவை 'கொசினேரோ' எண்டுவினம். முதலாளி அதைக் 'கூசி' எண்டு சுருக்கிப்போட்டார், நாங்களும் அப்பிடியே கூப்பிட்டம். பொல்லாத மனுசன். அவற்ற சட்டி மூடியை ஆரும் திறந்தால் அகப்பைக் காம்பால அடி விழும். எல்லாருக்கும் போட்டு முடிஞ்ச பிறகு, சுவர்ப்பக்கம் திரும்பி நிண்டு என்னத்தையோ வாயில போடுவார். என்ன எண்டு நான் எட்டிப் பார்த்ததில்லை.

அம்மா செத்த செய்தி டெலிபோனில வந்தது. சண்டை திரும்பத் தொடங்கி யாழ்ப்பாணப் பாதை பூட்டிக்கிடந்த நேரம். கொள்ளி வைக்கக்கூட எனக்குக் குடுத்து வைக்கேல்லை. செத்த வீடெண்டு என்ர மனுசி அடுப்பு மூட்டேல்லை. தெரிஞ்ச சனம் கொண்டுவந்த புட்டு அப்பிடியே கிடந்தது. அழுகையும் வரேல்லை. அதுதான் எனக்குப் பெரிய பயமாக் கிடந்தது.

அண்டைக்குப் பின்னேரம் கூசி செயின்ட்-மிஷேலில எங்கட வீட்டுக்குத் தேடி வந்தார். பையில ஊறவைச்ச போஞ்சிக்கொட்டையும் ஒரு இரும்புச் சட்டியும். நேர குசினிக்குள்ள போய் அடுப்பை மூட்டினார். மனுசி பதறிப்போய் என்னைப் பார்த்தா. விடும் எண்டன். சண்டை பிடிக்க என்னட்டத் தெம்பில்லை.

எங்கட உடைஞ்ச பிரெஞ்சில அவர் விளங்கப்படுத்தினார். அவையின்ர வழக்கத்தில செத்தவைக்குப் பிடிச்சதைச் சமைச்சு ஒரு கோப்பையில படைக்கவேணுமாம்.

"உன்ர அம்மாவுக்கு என்ன விருப்பம்?"

ஒடியல் கூழ், இறால் வறுவல், முருங்கைக்காய்க் கறி எண்டு வாயில வந்தது. எல்லாம் எனக்கு விருப்பமானது, அவ எனக்காகச் சமைச்சது. அவவுக்கு? யோசிக்க யோசிக்க ஒண்டும் வரேல்லை. பெத்த தாய், அவ சாப்பிட்டுக்கொண்டிருந்ததே கண்ணுக்குள்ள வரேல்லை. நானும் ஒரு பிள்ளை! நாங்கள் எல்லாரும் எழும்பின பிறகு தனியச் சாப்பிடுறவ, நான் ஒருநாளும் பார்க்கேல்லை எண்டு அவரிட்டச் சொன்னன். சொல்லவே வெக்கமாக் கிடந்தது.

கூசி போஞ்சியைக் கிண்டிக்கொண்டு நிண்டார். வெந்ததும் எனக்கும் மனுசிக்கும் பிள்ளையளுக்கும் போட்டார். பேந்து சட்டியைச் சுரண்டி, அடிப்பிடிச்ச கறுத்த காந்தலை அம்மாவின்ர கோப்பையில வைச்சார்.

"சமைக்கிற நாங்கள் சாப்பிடுறது இதுதான்," எண்டார்.

அப்பதான் எனக்கு அழுகை உடைச்சுக்கொண்டு வந்தது.