மாமாவுக்கு ஊற்றிய பால்

அண்ணனின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில், சுவரோரம் சாய்த்து வைத்திருந்த அந்த வாழைக்கன்றுதான் எனக்கு முதலில் ஞாபகம் வரும். கொடியோ, துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்து நின்ற சிப்பாய்களோ இல்லை. வேரில் கரிசல் மண் ஒட்டிய, இலை வாடிய கன்று. வடக்கே பனிமலையில் நடந்த போரில் செத்து, இருபத்து நான்கு வயதில் அண்ணன் சங்கரன்கோவிலுக்குத் திரும்பி வந்திருந்தான். கல்யாணம் ஆகாமல் செத்த ஆண்பிள்ளையை எங்கள் பக்கம் அப்படியே அனுப்புவதில்லை. வாழைக்கன்றுக்குத் தாலி கட்டி, அதை வெட்டிச் சாய்த்த பிறகுதான் தூக்குவார்கள். அந்தக் கன்றைக் கொண்டு வந்தவர் எங்கள் தாய்மாமா.

மகளைக் கொடுக்க மனசு வராதவர் வாழையைக் கொடுக்க வந்துவிட்டார்! இளையரசனேந்தல் பக்கம் அவருக்குக் காடும் கிணறும் உண்டு. அவர் மகள், நான் மதினி என்று கூப்பிடுகிறவள், அண்ணனுக்கு உரிமைப்பெண். சின்ன வயதிலேயே இரண்டு வீட்டிலும் பேசி வைத்ததுதான். கடைசி லீவில் அண்ணன் வந்தபோது அம்மா பூவும் பழமும் வாங்கி, தங்கச்சி என்று என்னையும் கூட்டிக்கொண்டு பெண் கேட்கப் போனாள். அண்ணன் சட்டையைத் திரும்பத் திரும்ப இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வந்தான். மாமா தட்டைத் தொடவே இல்லை. நாலு பேர் உட்கார்ந்திருக்கும்போது, "பட்டாளத்தானுக்குப் பொண்ணக் கொடுத்துட்டு, எப்ப தந்தி வருமோன்னு நான் வாசலப் பாத்துக்கிட்டுக் கெடக்கணுமாக்கும்?" என்றார். அண்ணன் சிரித்தான். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. லீவு முடியும் முன்பே ரயிலேறிவிட்டான். அடுத்த முகூர்த்தத்திலேயே மதினிக்கு ஆபீஸ் மாப்பிள்ளை பார்த்து முடித்தார் மாமா.

பெட்டியைத் திறக்கக் கூடாது என்று கூட வந்த அதிகாரி சொல்லிவிட்டார். அதனால் அப்பா மஞ்சள் கயிற்றைப் பெட்டியின் மூடிமேல் வைத்து எடுத்து வாழைக்குக் கட்டினார். மாமா அரிவாளால் ஒரே வெட்டு. பிறகு பத்திரிகைக்காரர்கள் முன்னால் நெஞ்சில் அடித்துக்கொண்டு, "எனக்கு மருமகனா வர வேண்டிய புள்ளையாச்சே" என்று அழுதார். அன்றிலிருந்து அவர் ஊரில் சுதந்திர தினக் கொடியேற்றம் என்றால் மேடையில் அவருக்கு நாற்காலி, வீரனின் தாய்மாமன் என்று சால்வை. அம்மா எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தாள். நான் பொறுக்கவில்லை. அவர் வீட்டு நல்லது கெட்டது எதற்கும் போகவில்லை. கடைத்தெருவில் எதிரே வந்தால் காறித் துப்பினேன். ஆபீஸில் வேலை பார்க்கிற பொம்பளை செய்கிற காரியமா இது என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். ஆமாம் என்றேன்.

போன மாதம் மதினி போன் செய்தாள். "ஏட்டி, அப்பாவுக்கு உசுரு இழுத்துக்கிட்டே கெடக்கு. எல்லாரும் பால் ஊத்தியாச்சு, அடங்க மாட்டேங்கு. உன் மனத்தாங்கல்தான் புடிச்சு நிறுத்துதுன்னு சொல்லுதாவ. வந்து ஒரு சொட்டு ஊத்திட்டுப் போயிரு மக்கா."

என் கோபத்துக்கு அவ்வளவு பலமா என்று, உண்மையைச் சொன்னால், சந்தோஷமாக இருந்தது. கிடக்கட்டும் என்று போனை வைத்தேன். அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. கிடக்கிற வரைக்கும் அவர் மகள், பேரப்பிள்ளைகள் சூழ இங்கேதானே இருக்கிறார்? மறுநாள் பஸ் ஏறினேன்.

கட்டிலில் எலும்பும் தோலுமாகக் கிடந்தார். கண் மட்டும் என்னை அடையாளம் கண்டுகொண்டது. மதினி பால் டம்ளரையும் கரண்டியையும் என் கையில் கொடுத்தாள். நான் குனிந்து, யாருக்கும் கேட்காமல் அவர் காதில் சொன்னேன்: "சீக்கிரம் கெளம்புங்க மாமா. அங்கன எங்க அண்ணன் உங்களுக்காகக் காத்துக்கிட்டு நிக்கான். போயி அவன் மூஞ்சியப் பாத்துப் பதில் சொல்லுங்க."

அவர் தலையை அசைத்து வாயை மூடப் பார்த்தார். நான் விடவில்லை. தாடையைப் பிடித்து, கரண்டி நிறைய ஊற்றினேன். விழுங்கினார். பொழுது சாய்வதற்குள் அடங்கிவிட்டது.

மதினி என் தோளில் விழுந்து அழுதாள். "உனக்குப் பெரிய மனசுட்டி" என்றாள். சொந்தக்காரர்கள் எல்லோரும் அதையேதான் சொல்கிறார்கள். நான் மறுக்கவில்லை.