பலாமூசு

அஜ்மானில் வளர்ந்த பெண்ணுக்கும் பனிக்காட்டு மிருகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறாள் என்பீர்கள். போட்டது நானில்லை, எங்கள் மூன்றாம் வகுப்பு டீச்சர். அந்த வருடம் உம்மா என் தம்பியை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தாள். அந்த வருடம்தான் என்னை ஊருக்கு அனுப்பினார்கள். லீவுக்கு என்று சொல்லி அனுப்பினார்கள், திரும்பக் கூப்பிடவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை மறைத்து வைத்து உங்களை அழவைக்கிற எண்ணமெல்லாம் எனக்குக் கிடையாது.

டீச்சர் இடம்பெயர்கிற மிருகங்களை ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுத்தார். வகுப்பில் நின்று பேசவேண்டும், ஒரு பொம்மையும் செய்து வரவேண்டும். பக்கத்து பெஞ்சுக்காரிக்குத் திமிங்கிலம் கிடைத்தது. முன்னால் உட்கார்ந்திருந்தவனுக்கு ஃபிளமிங்கோ. அதையாவது கழிமுகத்துச் சேற்றில் நிற்கும்போது பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறோம். எனக்கு வந்தது மூஸ் என்கிற பனிக்காட்டு மான். வீட்டில் போய்ச் சொன்னதும் உம்மா, "மூசா? என்ன, பலாமூசா?" என்றாள். எங்கள் ஊரில் பலாப்பிஞ்சுக்கு அதுதான் பெயர், கூட்டு வைப்பார்கள். நான் படத்தைக் காட்டினேன். ஒட்டகத்தின் மூக்கு, கழுதையின் காது, தாடைக்குக் கீழே ஒரு சதைத் தொங்கல், தலையில் இரண்டு முறத்தைக் கட்டிவிட்ட மாதிரி கொம்பு. வாப்பா எட்டிப் பார்த்துவிட்டு, இந்த மூஞ்சிக்கு பலாமூசு என்பது ரொம்ப மரியாதையான பெயர் என்றார். உம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது பலாமூசுதான்.

வாப்பா துபாயில், தேராவில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தார். ஷார்ஜா ரோடு அடைத்துக்கொள்ளுமுன் போய்விடவேண்டும் என்று விடியுமுன்னே கிளம்பிவிடுவார். வெள்ளிக்கிழமை ஒரு நாள்தான் அவரை வெளிச்சத்தில் பார்க்கலாம். அந்த வெள்ளிக்கிழமைகளில் அவருடைய போனில் நாங்கள் பலாமூசு பார்த்தோம். குளிர் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. பனியின் ஆழம்தான் அதன் கவலை. மேட்டுக்காட்டில் பனி நெஞ்சுவரை ஏறிவிட்டால் நடக்க முடியாது. உடனே பள்ளத்துக்கு இறங்கி வரும். ஊசியிலை மரங்கள் அடர்ந்து, பனி கீழே விழாமல் கிளையிலேயே தங்கிவிடுகிற இடமாகப் பார்த்து ஒண்டிக்கொள்ளும். பனி உருகியதும் பழைய இடத்துக்கே ஏறிப்போகும்.

வாப்பாவுக்கு இது மிகவும் பிடித்துவிட்டது. நாமும் அதே சாதிதான் என்றார். தேராவில் வாடகை கழுத்துவரை ஏறியதும் ஷார்ஜாவுக்கு இறங்கினார்களாம், அங்கேயும் ஏறியதும் அஜ்மானுக்கு. பனி உருகுவதுதான் நம் விஷயத்தில் நடக்கவில்லை என்றார்.

குட்டி போடும் காலத்தில் தாய் பலாமூசு கரடிக்குப் பயந்து ரோட்டோரமாக வந்துவிடும் என்றும் படித்தேன். வண்டிச் சத்தத்துக்குக் கரடி அண்டாதாம். எங்கள் கட்டடமும் ரோட்டோரம், நாள் முழுக்க லாரி போகும். உம்மாவும் நல்ல இடமாகத்தான் பிடித்திருக்கிறாள் என்று எனக்கு ஒரே பெருமை. உம்மாவிடம் சொன்னேன். நம்ம கரடி மாசம் பிறந்தால் ரோட்டைத் தாண்டி வந்து பெல் அடிக்கிறதே என்றாள். வாடகை வாங்க வருகிற ஆளைச் சொல்கிறாள் என்று தெரிந்து நானும் சிரித்தேன். அவளோடு சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி.

அதற்குப் பிறகு உம்மா மாறிப்போனாள். எனக்கு அப்படித்தான் தெரிந்தது. தொட்டதற்கெல்லாம் குற்றம், தொடாததற்கும் குற்றம். தலையை நீயே வாரு என்றாள். வகிடு கோணினால் சீப்பாலேயே ஒரு தட்டு. சோற்றைப் பிசைந்து கொடு என்று கேட்டால், எட்டு வயசுக் குமரிக்கு ஊட்டி வேற விடணுமோ என்று கேட்டாள். குழந்தைக்குத் தொட்டில் கட்டில் வாங்கி வந்தார்கள். எங்களுக்கு இருந்தது ஒரே ரூம், அதில் என் மெத்தை கிடந்த இடம்தான் கட்டிலுக்குச் சரியாக இருந்தது. என்னை ஹாலுக்குத் தள்ளினார்கள். ஏசி ரூமில் இருந்தது, ஹாலில் ஃபேன் மட்டும்தான். மதியத் தூக்கத்தில் பழக்க தோஷத்தில் உம்மாவின் முதுகோடு போய் ஒட்டிக்கொண்டால், முழங்கையால் தள்ளிவிடுவாள். ஒருநாள் போகமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தபோது தொடையில் அறைந்தாள், விரல் பதிந்துவிட்டது. எனக்கு அவள்மேல் வெறுப்பு வந்தது. பிறக்காத தம்பிமேல் அதைவிட அதிகம் வந்தது.

கட்டில் வந்த அட்டைப்பெட்டியை மட்டும் நான் விடவில்லை. வாப்பா அதில் பலாமூசுக்குக் கொம்பு வெட்டிக் கொடுத்தார். பெட்டிக்குள் வந்த தெர்மாகோலைத் துருவிப் பனியாகத் தூவினோம். ஜூன் மாத அஜ்மானில், ஜன்னலைத் தொட்டால் கை சுடுகிற வீட்டில், பனி பறந்தது. பெருக்கி மாளவில்லை என்று அதற்கும் ஒரு அடி வாங்கினேன்.

இதற்கிடையில் ஷார்ஜாவிலிருந்து சாச்சாவும் சாச்சியும் அடிக்கடி வந்தார்கள். சாச்சா என்றால் வாப்பாவின் தம்பி, ஊரில் இருந்த மாமி அவர்களுடைய அக்கா. பெரியவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவார்கள். ஒரு சம்பளத்தில் இரண்டு பிள்ளைக்கு ஃபீஸ், ஊரில் மாமி தனியாகத்தானே இருக்கிறாள், ஓதவும் படிக்கவும் அங்கே வசதி என்றெல்லாம் வெளியே கேட்கும். எனக்குக் காதில் விழுந்தது ஊர் என்ற ஒரு சொல்தான். ஜூலையில் பள்ளி சாத்தினால் எல்லோரும்தான் ஊருக்குப் போவார்கள், ஆகஸ்ட் முடிகையில் திரும்பி வருவார்கள். சாச்சி தன் பிள்ளைகளோடு என்னையும் கூட்டிப்போகிறாள் என்றதும் நான் குதித்தேன். சாச்சி என்னைப் பார்க்காமல் உம்மாவைப் பார்த்தாள்.

வகுப்பில் பேசுவதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை, வீட்டில் ஒத்திகை. ஆங்கிலத்தில் சொல்லி, உம்மாவுக்காகத் தமிழிலும் சொன்னேன். பனி வந்தது, பள்ளம் வந்தது, ரோட்டோரம் வந்தது. கடைசியாக நான் வீடியோவில் பார்த்த பகுதி. போன வருடத்துக் குட்டி ஒரு வருடம் முழுக்கத் தாயைவிட்டு அகலாது. தாய் பனியில் வழி மிதித்துக் கொடுக்கும், குட்டி அந்தத் தடத்திலேயே நடக்கும். அடுத்த குட்டி பிறக்கிற நாள் நெருங்கியதும், தாய் ஒருநாள் காதை மடக்கிக்கொண்டு, பிடரி மயிரைச் சிலிர்த்துக்கொண்டு பெரிய குட்டியைத் துரத்தும். குட்டிக்கு ஒன்றும் விளங்காது. கொஞ்சதூரம் ஓடித் திரும்பி வரும். முன்காலால் உதைக்கும். மறுபடியும் வரும், மறுபடியும் உதைக்கும். நான் பார்த்த குட்டி மூன்று முறை திரும்பி வந்தது. நான்காவது முறை வரவில்லை. இதைச் சொல்லும்போதே எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. கெட்ட உம்மா என்று என் கணக்கில் ஒன்று சேர்த்துக்கொண்டேன்.

வாப்பா, சிகரெட் வாங்கவேண்டும் என்று எழுந்து போய்விட்டார். மேசைமேல் பாக்கெட் இருந்தது. உம்மா மடித்துக்கொண்டிருந்த துணியையே மறுபடி உதறி மடித்தாள்.

"அடிக்காட்டி அது போவாது புள்ள," என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். வகுப்பில் டீச்சர், அந்தத் தாய் ஏன் அப்படிச் செய்கிறது என்று கேட்டபோது, அடிக்காவிட்டால் அது போகாது என்று ஆங்கிலத்தில் டாண் என்று பதில் சொன்னேன். டீச்சர் அசந்துபோனார். எல்லோரையும் கைதட்டச் சொல்லி என் சட்டையில் ஒரு தங்க நட்சத்திரம் ஒட்டினார். என்னைத் துரத்துவதற்கு உம்மா சொன்ன நியாயத்தைச் சொல்லி நான் பரிசு வாங்கி வந்தேன், பாருங்கள். வீட்டில் காட்டியதும் உம்மா நட்சத்திரத்தைப் பார்த்தாள். சட்டையில் பசை படிந்துவிட்டது என்று திட்டினாள்.

ஷார்ஜா விமான நிலையத்துக்கு உம்மாவும் வந்தாள். நிற்கவே முடியாத வயிறு. வாசலில் நான் அவளுடைய அபாயாவைப் பிடித்துக்கொண்டேன். போக மனமில்லாமல் அல்ல, கூட்டத்தைப் பார்த்த பயத்தில். கையில் ஒரு அடி போட்டாள். சாச்சியோடு நட என்றாள். நான் நடந்தேன்.

ஆகஸ்ட் கடைசியில் சாச்சி பெட்டி கட்டியபோது நானும் என் பையைக் கட்டிக்கொண்டு முற்றத்தில் வந்து நின்றேன். மாமி வந்து பையை வாங்கி உள்ளே வைத்தாள். "ஒனக்கு இங்க ஸ்கூல்ல பேர் குடுத்தாச்சும்மா," என்றாள். சாச்சியின் பிள்ளைகள் காரிலிருந்து கை காட்டினார்கள். நான் அழுத அழுகையைச் சொல்லப்போவதில்லை. தம்பி பிறந்துவிட்டான் என்று போன் வந்த அன்று நான் பேசமாட்டேன் என்று மாடியில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

தம்பி பன்னிரண்டாம் வகுப்புவரை அஜ்மானிலேயே படித்தான். அவன் காலத்தில் பனி கொஞ்சம் உருகியிருந்தது. வாப்பாவுக்குக் கடையில் பங்கு கிடைத்திருந்தது. கூப்பிட்டிருக்கலாம். படிப்பு நடுவில் கெட்டுவிடும் என்றார்கள். உம்மா கை ஓங்கித் தான் பார்த்ததே இல்லை என்று தம்பி போன பெருநாளில் என்னிடம் பெருமையாகச் சொன்னான். அவன் போகவேண்டியிருக்கவில்லை, பிறகு எதற்கு அடிக்கிறாள்?

எல்லாம் எனக்கு விளங்கிவிட்டது, நானும் இப்போது பிள்ளை பெற்றவள். விளங்கிவிட்டால் ஆறிவிடும் என்று சொல்கிறவர்களுக்கு கட்டிய பையை யாரும் வாங்கி உள்ளே வைத்திருக்க மாட்டார்கள். உம்மா என்னிடம் ஒரு வார்த்தை உண்மையைச் சொல்லியிருக்கலாம். போகமாட்டேன் என்று நான் அழுதிருப்பேன். அழுவதற்காவது எனக்குப் பாத்தியதை இருந்தது.

அன்று விமான நிலையத்தில் நான் உள்ளே போன பிறகு நடந்ததை வாப்பா பல வருடம் கழித்து, ஊருக்கே வந்துவிட்ட பிறகு, ஒருநாள் தானாகச் சொன்னார். "நீ ஒரு தடவையாவது திரும்பிப் பாப்பேன்னு உங்க உம்மா அந்தக் கண்ணாடிக்கு வெளியே நின்னுக்கிட்டே இருந்தாம்மா."

குட்டிப் பலாமூசு மூன்று முறை திரும்பி வந்தது. நான் ஒரு முறைகூடத் திரும்பவில்லை. திரும்பினால் அடி விழும் என்று பழக்கியவள், என்னிடம் எதை எதிர்பார்த்து அங்கே நின்றாள் என்பது எட்டு வயதில் எனக்குத் தெரியாது. கொஞ்சநாளைக்கு அடி வாங்காமல் இருக்கலாமே என்று நான் சந்தோஷமாகக் கையை வீசிக்கொண்டு உள்ளே போனேன்.