ஏலக்காய்க்குள் போன பெட்ரோல் டேங்க்

எங்கள் அம்மா லில்லி ஐந்து வருஷத்தில் நாலு சண்டை விமானம் செய்திருக்கிறாள். ஒன்றையும் முடித்ததில்லை.

துபாயிலிருந்து லீவில் வந்த மாமா எனக்கென்று ஒரு பிளாஸ்டிக் விமானக் கிட்டு கொண்டுவந்தார். இரண்டு நாள் புரட்டிவிட்டு நான் தூக்கிப் போட்டேன். அம்மா எடுத்துக்கொண்டாள். அதற்கப்புறம் வந்த கிட்டெல்லாம் அவளுக்கென்றே வந்தது. போடியில் ஏலக்காய் பிரிக்கிற பெண்களில் அவள் கண்ணுக்கு ஈடு கிடையாது. வெடித்த காய், பூச்சி குத்தின காய், ஒன்றும் அவளிடம் தப்பாது. மண்டியிலிருந்து மூட்டை வீட்டுக்கு வரும். பிரித்துக் கட்டி வைத்தால் அப்பா ஜீப்பில் கொண்டுபோய்ச் சேர்ப்பார். அப்புறம் அதே தட்டைத் துடைத்து வைத்துக்கொண்டு இடுக்கியும் கையுமாக விமானத்துக்கு உட்காருவாள்.

உயிரை வாங்குவது விமானம் இல்லை, இறக்கைக்கு அடியில் தொங்குகிற டேங்க். அந்தக் கால யுத்தத்தில் தூரம் போகிற விமானத்துக்கு வயிற்றிலிருக்கும் பெட்ரோல் பத்தாது. அதனால் வெளியே இரண்டு டேங்க் மாட்டி, முதலில் அதைக் குடித்துவிட்டு, எதிரியைக் கண்டதும் கழற்றி எறிந்துவிடுவார்கள். எறியப்போகிற சாமானுக்கு எதற்கு இத்தனை பாடு என்று கேட்டால் அம்மா என்னை ஏதோ கெட்ட வார்த்தை சொன்னவளைப் போலப் பார்ப்பாள்.

முதல் விமானத்தில், டேங்க் மாட்டும் ஓட்டையை உள்பக்கமிருந்து போடாமலே இறக்கையின் இரண்டு பாதியையும் சேர்த்து ஒட்டிவிட்டாள். பெட்டிக்குள் போனது. அடுத்த இரண்டிலும் கிட்டிலிருந்த டேங்க் அந்த விமானத்தின் வருஷத்து டேங்க் இல்லையாம். அவையும் பெட்டிக்குள். நாலாவது மஸ்டாங் என்கிற அமெரிக்க விமானம், உள்ளங்கை அகலம்தான். கிட்டில் இருந்தது இரும்பு டேங்க் மாதிரி. இந்த விமானத்துக்குக் காகித டேங்க்தான் மாட்டினார்களாம்.

"காகிதத்துல பெட்ரோலா?" என்றார் அப்பா. "என் ஜீப்புல அப்படி ஊத்தினா மெட்டுக்கு மலை ஏறுற தோட்டத்துச் சனம் பூரா என்னைய உதைக்கும்."

"ஒரு தடவைக்குத்தாங்க. சில மணி நேரம் தாங்கும். அதுக்குள்ள எறிஞ்சிருவாங்க."

"நம்ம வீட்டுலதான் எறியவே மாட்டேங்குறியே!"

காகிதத்தைச் சுருட்டி, பசையில் ஊறவைத்து, தேய்த்து, இரண்டு மாதத்தில் இரண்டு டேங்க் செய்தாள். ஒவ்வொன்றும் ஓர் ஏலக்காய் நீளம். ஞாயிற்றுக்கிழமை மதுரையில் மாடல் கண்காட்சி. முதல் தடவையாகப் பேர் கொடுத்திருந்தாள். முழுசாக முடித்ததைத்தான் மேஜையில் வைக்க விடுவார்கள்.

சனிக்கிழமை காலை நான் ஒரு டேங்குக்குப் பச்சை அடித்து, பேனாவால் வரி போட்டு, அவள் பிரிக்கிற தட்டில் போட்டேன். இரண்டு நிமிஷத்தில் கண்டுபிடித்துக் கத்துவாள், நான் சிரிக்கலாம் என்பது திட்டம். கத்தவில்லை. கை காயில் இருந்தது. வாய் வெள்ளிப் பெயிண்ட் பற்றி முணுமுணுத்துக்கொண்டிருந்தது. வடை வாங்கப் போய் வருவதற்குள் மூட்டையும் இல்லை, ஜீப்பும் இல்லை.

"எம்மா, உன் டேங்கு ஒண்ணு மூட்டையில போயிருச்சு. நாந்தான் பச்சை அடிச்சுத் தட்டுல போட்டேன். நீ பாத்துருவேன்னு நெனச்சேன்."

அடிப்பாள் என்று தள்ளி நின்றேன். அவளோ தட்டையே பார்த்துக்கொண்டு, "நான் பாக்கலியா?" என்றாள். அடித்திருந்தால் தேவலை.

மண்டிக் குடோனுக்கு ஓடினோம். அங்கே வேலை பார்க்கும் சுருளி அண்ணன் கையை விரித்தார். "கொட்டியாச்சு, தங்கச்சி. எல்லாம் ஒரே குவியல்." ஆள் உயரத்துக்கு இருந்தது. நான் முழங்காலிட்டு அள்ளி அள்ளிப் பார்த்தேன்.

"எந்திரி பொன்மணி. இதுல தேடினா கிறிஸ்மஸ் வந்துரும்" என்றாள் அம்மா. பச்சையாக ஒரு காகிதச் சுருள் வந்தால் எடுத்து வைக்கும்படி சுருளி அண்ணனிடம் சொல்லிவிட்டு நடந்தாள்.

வீட்டில் அப்பா யோசனை சொன்னார். "அந்த இரும்பு டேங்கை மாட்டு."

"அது இதுக்கு வராதுங்க."

"அப்ப மிச்சமிருக்குற ஒண்ணை மட்டும்?"

"ஒரு பக்கமா இழுக்கும். பாவம், ஓட்டுறவன் என்ன செய்வான்?"

அப்பா தலையில் அடித்துக்கொண்டு ஜீப்பைக் கழுவப் போனார்.

அம்மா கொஞ்ச நேரம் விமானத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள். பிறகு மெழுகுவர்த்தியில் பிளாஸ்டிக் குச்சியைக் காட்டி, முடி மாதிரி இழுத்து, இறக்கைக்கு அடியில் பக்கத்துக்கொரு துண்டாக ஒட்டினாள்.

"இது என்ன?"

"பெட்ரோல் குழாய். நடுவுல கண்ணாடி மூட்டு இருக்கும். டேங்கு விழுறப்ப உடைஞ்சு, மேல்நுனி மட்டும் தொங்கும். எறிஞ்சாச்சு. முடிஞ்சுது விமானம்."

"இதை ரெண்டு மாசத்துக்கு முன்னாடியே செஞ்சிருக்கலாம்ல!"

"அப்ப எங்கிட்ட டேங்கு இருந்துச்சுல்ல."

ஞாயிறு, மதுரை. அப்பாவும் கூட வந்திருந்தார். சட்டையில் நடுவர் அட்டை குத்தின ஒரு பெரியவர் பூதக்கண்ணாடியோடு எங்கள் மேஜைக்கு வந்தார். "டேங்க் எங்கம்மா?"

அம்மா என்னைப் பார்த்தாள். எனக்கு வடை வாங்கப் போய்விடலாமா என்று இருந்தது.

"இப்பத்தான் எறிஞ்சாங்க சார்" என்றாள்.

அவர் குனிந்தார். அந்த நுனிகளைப் பார்த்தார். இன்னொருத்தரைக் கூப்பிட்டார். அம்மா கண்ணாடி மூட்டைப் பற்றி ஆரம்பித்தாள். நாலு பேர் கூடிவிட்டார்கள். போடி ரயில் போய்விடும் என்று மூன்று தடவை சொன்னேன். காதில் விழவில்லை. கடைசியில் அப்பாவைத் தனியே கூட்டிப்போய், பஸ்சில் போகலாம், பேசட்டும் என்று நானே சொல்ல வேண்டியதாயிற்று.