யூசுப் சுரண்டிய வானம்

நியூசிலாந்துக்கு வந்த புதிதில் வீட்டுக்காரம்மாவிடம் நான் கேட்ட முதல் விஷயமே தப்பாகப் போயிற்று. இரண்டு அறைகள் காலியாக இருக்கின்றன, எது வேண்டும் என்று கேட்டார். தெற்கே ஜன்னல் வைத்த அறையைக் கொடுங்கள் என்றேன். கடலூரில் பிறந்தவன் வேறு எதைக் கேட்பான்? வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் நாம் முதலில் தேடுவது தெற்கு ஜன்னலைத்தானே. மிஸஸ் டாய்ல் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தெற்கா, நிச்சயமாகத் தெற்கா என்று இரண்டு தரம் கேட்டார். நல்ல அறையை விட்டுத்தர மனசில்லாமல் கேட்கிறார் என்று நினைத்து, தெற்கேதான் வேண்டும் என்று அழுத்திச் சொன்னேன். இந்த நாட்டில் சூரியன் வடக்குப் பக்கமாகத்தான் போகிறது என்பதும், தெற்கிலிருந்து வருவது தென்றல் அல்ல, பனிக்கட்டிக் கடலில் புறப்பட்டு நேராக என் ஜன்னலுக்கு வருகிற காற்று என்பதும் அன்று ராத்திரியே விளங்கிவிட்டது. மூன்று கம்பளி போர்த்தியும் பல் கிடுகிடுத்தது. ஒரு வாரம் கழித்து அந்த அம்மாள், வேண்டுமானால் அறை மாற்றிக்கொள்ளலாமே என்று கேட்டார். ரோஷம் விடவில்லை. சௌகரியமாக இருக்கிறது என்றேன். இந்தியர்களுக்குக் குளிர் என்றால் உயிர் என்று அவர் அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்துவிட்டார்.

நான் இங்கே வந்தது அறுபத்தேழில். கடலூரில் எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் இருந்தேன். பயிற்சிக்கென்று அரசாங்கச் செலவில் அனுப்பினார்கள். நாட்டின் தெற்கு முனையில், சிப்பி பிடிக்கும் படகுகள் வந்து போகும் ஒரு சின்னத் துறைமுக ஊர். இதற்குத் தெற்கே ஒரு தீவு, அதற்கப்புறம் பனிதான். பயிற்சி முடிகிற சமயத்தில் ஆஸ்பத்திரியில் நிரந்தர வேலை தருவதாகச் சொன்னார்கள். குடும்பத்தை அழைத்துக்கொள்ளலாம், ஆகஸ்ட் முடிவதற்குள் பதில் வேண்டும் என்றார்கள். எனக்கு வேலையும் பிடித்திருந்தது, குளிரைத் தவிர்த்து ஊரும் பிடித்திருந்தது. ஆனால் மங்கை வரவேண்டுமே.

மங்கை என் மனைவி, என் அத்தை பெண். சிதம்பரத்தில் பள்ளிக்கூட டீச்சர். மூன்று வயது மகளோடு கீழவீதியில் அத்தை வீட்டில் இருந்தாள். ஒவ்வொரு கடிதத்திலும் ஒரே கேள்விதான்: அங்கே என்ன இருக்கிறது? நானும் எழுதிப் பார்த்தேன். ஆடு இருக்கிறது, மழை இருக்கிறது, வீட்டு வாசலிலேயே பால் பாட்டில் வைத்துவிட்டுப் போகிறார்கள் என்றேன். பால் இங்கேயும்தான் வருகிறது என்று பதில் வந்தது. அத்தை வேறு, தெற்கு எமன் திசை, அந்தக் கோடிக்கு யாராவது குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவார்களா என்று ஆரம்பித்திருந்தாள். எனக்குச் சுருக்கென்றது. உங்கள் ஊர் நடராஜர் எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறார், தெற்கைத்தானே, சாமிக்கே ஆகும்போது உங்களுக்கு ஆகாதா என்று எழுதினேன். மடக்கிவிட்டோம் என்று பத்து நாள் சந்தோஷமாக இருந்தேன். பதினோராம் நாள் பதில் வந்தது. “சாமி தெக்கப் பாத்துக்கிட்டுதான் நிக்கிறாரு மாமா. கெளம்பிப் போயிடலையே.”

டீச்சரிடம் வாதம் செய்து ஜெயித்தவர்கள் இருந்தால் எனக்கு எழுதுங்கள்.

அந்த மே மாதத்தில்தான் அந்த வெளிச்சம் வந்தது. மே என்றால் இங்கே குளிர்காலத்தின் வாசல், ஆறு மணிக்கே கும்மிருட்டு. சாப்பிட்டுவிட்டு அறைக்கு வந்து ஜன்னல் திரையை இழுக்கப் போனேன். கடலுக்கு அந்தப் பக்கம் வானம் வாழைக்குருத்துப் பச்சையாக இருந்தது. ஏதோ கப்பல் தீப்பிடித்துவிட்டது என்று நினைத்துக் கீழே ஓடினேன். மிஸஸ் டாய்லின் கணவர் ஜாக் அடுப்பங்கரையில் சிப்பி உடைத்துக்கொண்டிருந்தார். என் கலவரத்தைப் பார்த்து வெளியே வந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, அது தென் துருவ ஒளி, வந்தால் இரண்டு மூன்று நாள் வரும் என்று சொல்லிவிட்டு மறுபடி சிப்பி உடைக்கப் போய்விட்டார். நான் தோட்டத்திலேயே நின்றேன். பச்சைக்கு மேலே சிவப்பு கிளம்பிற்று. கொடியில் காயப்போட்ட புடவைகளுக்குள் காற்று புகுந்ததுபோல வானம் முழுக்க அசைந்தது, சத்தமே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஊரில் யாருமே பார்க்காத ஒன்றை நான் மட்டும் பார்த்துக்கொண்டு நிற்கிறேனே என்ற அழுகை. அடுத்த நிமிஷமே இன்னொன்று தோன்றிற்று. மங்கை கேட்டதற்குப் பதில் இதுதான்.

மறுநாள் சாயங்காலம் கேமராவுடன் கடற்கரைக்குப் புறப்பட்டேன். இருட்டில் படம் எடுப்பதென்றால் கேமராவின் கண்ணை ஒரு நிமிஷமாவது திறந்தே வைத்திருக்க வேண்டும், அதுவரை எதிரில் நிற்பவன் ஆடக் கூடாது. நானும் படத்தில் இருக்க வேண்டும் என்று தீர்மானித்திருந்தேன். வெறும் வானத்தை அனுப்பினால் ஏதோ புத்தகத்திலிருந்து எடுத்தது என்று அத்தை சொல்லிவிடுவாள். ஆகவே கேமராவைத் திறந்து மூட ஜாக்கைக் கூட்டிக்கொண்டேன். நம் பக்கத்தில் போட்டோ என்றால் சும்மா போய் நிற்கிற காரியமா? குளித்து, விபூதி பூசி, ஜரிகை வேட்டியும் வெள்ளைச் சட்டையும் போட்டுக்கொண்டேன். வெள்ளைதான் இருட்டில் தெரியும் என்ற கணக்கும் அதில் உண்டு. ஜரிகை வேட்டிக்குப் பூட்ஸ் பொருந்தாது என்று அதையும் கழற்றிவைத்துவிட்டு, ஈர மணலில் வெறுங்காலோடு போய் நின்றேன். அப்போதே பச்சை வெளிச்சம் தீவுக்கு மேலே எழும்ப ஆரம்பித்துவிட்டது. ஜாக்குக்குக் கையைக் காட்டினேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு மனசுக்குள் அறுபது எண்ணினேன். பிறகு ஒரு பத்து. திரும்பிப் பார்த்தால் மனுஷர் தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டு தலைகுனிந்து நிற்கிறார். கேமராவைத் தொடவே இல்லை. பிரார்த்தனை முடியட்டும் என்று காத்திருந்தாராம்.

அதை விளக்கி, அவர் கையைக் கேமராவில் வைத்து, நான் மறுபடி போய் நின்று எடுத்தது ஒரு படம். நான் இல்லாமல் வானத்தை மட்டும் இன்னொன்று. அதற்குள் விரல் மரத்துப்போய் விட்டது. வெளிச்சமும் வெளுத்துவிட்டது. அப்புறம் பத்து நாள் மேகம் மூடிக்கொண்டது. அந்த அளவுக்கு ஒளி இன்றுவரை நான் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியின் இருட்டறையில் மத்தியான இடைவேளையில் நானே பிலிமைக் கழுவினேன். இரண்டும் அருமையாக வந்திருந்தன. நெகடிவில் வெளிச்சம்தானே கறுப்பாக விழும். வானத்தில் அடுக்கடுக்காகக் கறுப்புப் பட்டைகள், அதன் கீழே வேட்டியோடு நான். கறுப்பு வெள்ளைப் படத்தில் பச்சையும் சிவப்பும் வராது, போகட்டும் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். இனி இதைப் பெரிதாகப் பிரிண்ட் போட வேண்டும். இங்கேயே போட்டிருக்கலாம். ஆனால் என் படத்தை வேறொருவன் பிரிண்ட் போட்டான் என்று தெரிந்தால் யூசுப் ஆறு மாதம் பேச மாட்டான்.

யூசுப் என் சிநேகிதன். கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய டவுனில், துறைமுகத்துக்குப் போகிற வழியில் ஸ்டூடியோ வைத்திருக்கிறான். எக்ஸ்ரே வேலை கிடைப்பதற்கு முன்னால் அவனிடம்தான் இரண்டு வருஷம் பிலிம் கழுவினேன். படம் எடுப்பதில் அவன் சுமார்தான். டச்சிங்கில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. நெகடிவைக் கண்ணாடிப் பெட்டிமேல் வைத்து, பூதக்கண்ணாடியை ஒரு கண்ணில் இடுக்கிக்கொண்டு, கூர் பென்சிலாலும் சவரப் பிளேடின் முனையாலும் முகத்தைச் சீர் செய்வான். வேண்டாத கறுப்பு எங்கே இருந்தாலும் பிளேடால் மயிரிழை மயிரிழையாகச் சுரண்டி எடுத்துவிடுவான், பிரிண்டில் அடையாளமே தெரியாது. அவன் நீக்கிய அம்மைத் தழும்புகளால் பண்ருட்டி வரைக்கும் நடந்த கல்யாணங்கள் ஏராளம், கல்யாணத்துக்குப் பிறகு நடந்த சண்டைகளும் ஏராளம். அவனுக்கு நெகடிவ்களை ஏர்மெயிலில் அனுப்பினேன். நல்ல பெரிதாகப் போட்டு மங்கையிடம் நீயே கொண்டுபோய்க் கொடு என்று இரண்டு வரி எழுதினேன். அது என்ன படம் என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. பார்த்ததும் பிரமித்துப் போகட்டும் என்று இருந்தேன். மங்கைக்கும், ஒரு படம் வரும், பார்த்துவிட்டு உன் முடிவைச் சொல், அதற்கப்புறம் நான் வற்புறுத்த மாட்டேன் என்று மட்டும் எழுதினேன்.

யூசுப்பின் பதில் ஒரு சின்ன பிரிண்டோடு வந்தது. கடிதத்தை இன்னும் வைத்திருக்கிறேன்.

“மச்சான், உன் கேமராவுல எங்கியோ ஓட்டை இருக்கு. வெளிச்சம் பூந்து வானம் பூரா புகையா அடிச்சிருச்சு. ஒண்ணு சுத்தமா போச்சு, தூக்கிப் போட்டுட்டேன். நீ நிக்கிறதுல புகை ஜாஸ்திதான், இருந்தாலும் உன் படமாச்சே, உட மனசு வரலை. நாலு நாளு உக்காந்து சொரண்டி எடுத்துட்டேன். இப்ப வானம் கழுவி உட்ட மாரி இருக்கு. மொட்டையா இருக்கேன்னு ஒரு நெலாவும் வச்சேன். தங்கச்சிகிட்ட நானே குடுத்துட்டு வந்தேன்.”

படத்தில் கரிய வானம், கரிய கடல், நடுவே வேட்டியோடு நான், தோளுக்கு மேலே ஒரு முழு நிலா. பிலிமிலிருந்து சுரண்டியதை உலகத்தில் யாராலும் திரும்ப ஒட்ட முடியாது. பிறகு கோபம் வந்தது. முட்டாள், மடையன் என்று ஆரம்பித்து நாலு பக்கம் எழுதினேன். உன் பிளேடால் என் குடித்தனத்தையே சுரண்டிவிட்டாய் என்றுகூட எழுதியதாக ஞாபகம். ஜாக்கிடம் போய்ச் சொன்னேன். அவர் ரொம்ப யோசித்துவிட்டு, நிலா நன்றாகத்தான் இருக்கிறது என்றார். வேலை வேண்டாம், ஊருக்குத் திரும்புகிறேன் என்று ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதி, யூசுப்புக்கு எழுதிய கடிதத்தோடு சேர்த்து மேஜைமேல் வைத்தேன். திங்கட்கிழமை இரண்டையும் தபாலில் சேர்ப்பதாக இருந்தேன்.

திங்கட்கிழமை காலைத் தபாலில் மங்கையின் கடிதம் வந்தது.

“யூசுப் அண்ணன் படத்தை கொண்டாந்து குடுத்தாரு. பாத்துட்டு சொல்லுன்னு எழுதியிருந்தீங்க. பாத்தேன் மாமா. அதுல நீங்களும் இருட்டும்தான் இருக்கீங்க. கால்ல செருப்புகூட இல்ல. பக்கத்துல ஒரு ஆள் இல்ல. இவ்ளோ நாளா அங்க என்ன இருக்குன்னுதான் கேட்டுக்கிட்டு இருந்தேன், யாரு இருக்கான்னு கேக்கவே இல்ல. அம்மாகிட்டயும் படத்த காட்டினேன். அவுங்களே பொட்டி எடுத்து வச்சாங்க. நாங்க வரோம்.”

நான் அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை. ஆஸ்பத்திரிக் கடிதத்தைக் கிழித்தேன். யூசுப்புக்கு எழுதிய நாலு பக்கத்தையும் கிழித்துவிட்டு, படம் பிரமாதம், கேமராவை ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டேன் என்று எழுதினேன். எழுதும்போது பொய் என்றே தோன்றவில்லை.

மங்கையும் மகளும் வந்து இப்போது எட்டு மாதம் ஆகிறது. வடக்கே ஜன்னல் வைத்த வீடாகப் பார்த்துக் குடியிருக்கிறோம். நடந்ததை எல்லாம் அவள் வந்த அன்றே சொன்னேன். சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறிவிட்டது. யூசுப் போட்டுக் கொடுத்த பெரிய பிரிண்டைக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறாள். போன வாரம் டாய்ல் தம்பதிகள் சாப்பிட வந்திருந்தார்கள். ரசத்தைக் குடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்ட மிஸஸ் டாய்ல் படத்தின் முன்னால் போய் நின்று, உங்கள் ஊர்க் கடற்கரை அழகாக இருக்கிறது என்றார். இல்லை, இது நம் ஊர்க் கடற்கரைதான், உங்கள் வீட்டுக்காரர்தான் எடுத்தார் என்றேன். ஜாக்கும் ஆமாம் என்றார். அந்த அம்மாள் நம்பவில்லை. எங்கள் நிலா இப்படி இருக்காதே, இது வேறு பக்கம் திரும்பியிருக்கிறதே என்றார்.

மங்கை கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள். நாங்களும் போனோம். வடகிழக்கில் முழு நிலா ஏறியிருந்தது. இத்தனை நாள் இங்கே இருந்தும் நான் அதை நின்று பார்க்கவில்லை. உள்ளே இருந்த முயல் கிட்டத்தட்டத் தலைகுப்புறக் கிடந்தது. கூடத்துப் படத்திலோ, காதை நிமிர்த்திக்கொண்டு, கடலூரில் நாம் பார்க்கிற மாதிரியே உட்கார்ந்திருக்கிறது. யூசுப் நினைத்துப் பார்த்தெல்லாம் வைத்திருக்க மாட்டான். கைக்குத் தெரிந்த நிலாவை வைத்திருக்கிறான்.

விருந்தாளிகள் போன பிறகு மங்கை வெகுநேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வெளிச்சம் இன்னொரு தரம் வந்தால் மூன்று பேருமாக நின்று எடுக்க வேண்டும் என்றாள். எடுக்கலாம், ஆனால் இந்தத் தடவை பிரிண்டும் நானே போட்டுவிடுகிறேன் என்றேன்.

“வேணாம் மாமா, யூசுப் அண்ணனுக்கே அனுப்புங்க. வெளிச்சத்தை நாம நேர்ல பாத்துக்கலாம். நெலாவ அவருதான் வைக்கணும்.”