ஹோட்டல் கம்பெனி அனுப்பிய வேன்

போன பிரதேச சபைத் தேர்தலில் என் அண்ணி சுயேச்சையாக நின்றார். இறம்பொடைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். அங்கேயே நான் வைத்திருந்த தையல் கடையைப் பூட்டிவிட்டு நானும் அவர்கூடப் போனேன். ஒரு கட்டு நோட்டீஸ், ஆளுக்கொரு குடை, அவ்வளவுதான் எங்கள் பிரசாரம். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்கு, மழையில் லயம் லயமாக நடந்தோம்.

மூன்றாம் நாள் காலையில் அண்ணி வீட்டு வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. கூரையில் இரண்டு ஸ்பீக்கர், உள்ளே கட்டுக் கட்டாக அண்ணியின் போஸ்டர். படத்தில் அண்ணி பத்து வயது குறைந்து, பளபளவென்று இருந்தார்.

"யாருங்க இது, என் தங்கச்சியா?" என்று அண்ணி கேட்டார்.

வேனில் வந்தவர், மேலே அருவிக்குப் பக்கத்தில் ஹோட்டல் கட்டப்போகும் கம்பெனியின் மேனேஜர். தன்மையான மனிதர்.

"தேர்தல் முடியுற வரைக்கும் வேன் ஒங்களுக்குத்தாங்க. டிரைவர், டீசல் எல்லாம் எங்க பொறுப்பு."

என் காலெல்லாம் கொப்புளம். மனதுக்குள் நான் வேனில் ஏறி உட்கார்ந்தே விட்டேன். நல்ல காரியத்துக்கு யார் கொடுத்தால் என்ன என்றுதான் அப்போது நினைத்தேன்.

அண்ணி அவருக்கு ஒரு கோப்பை பால் சேர்க்காத சாயத்தண்ணி கொடுத்துவிட்டுக் கேட்டார்: "எதிர்ல நிக்கிறவருக்கும் குடுத்தீங்களா சேர்?"

"எல்லாருக்கும் குடுக்கிறோங்க. எங்களுக்கு யார் மேலயும் கோபம் இல்ல."

"அப்ப யாரு ஜெயிச்சாலும் ஒங்க ஆளுதான்."

அவர் சிரித்தார். அண்ணி விடவில்லை. "ஒங்க ஹோட்டல் பிளான் சபைக்குத்தானே வரும்? அதுல கழிவுத்தண்ணி எங்க ஓடைக்குத்தானே எறங்குது? அன்னைக்கு நான் வாயத் தொறக்கிறப்ப இந்த வேன் ஞாபகம் வருமா, வராதா?"

மேனேஜர் குடித்த கோப்பையைக் கீழே வைத்தார். "வரும்தாங்க," என்றார்.

வேன் வந்த வழியே திரும்பிப் போனது. அடுத்த லயம் வரைக்கும் நான் நொண்டிக்கொண்டே அண்ணிக்குப் பின்னால் நடந்தேன். பிறகு பொறுக்க முடியாமல், "ஒங்களுக்கு மட்டும் குடுத்திருந்தா வாங்கியிருப்பீங்களா?" என்றேன்.

"அது இன்னும் மோசம்டி, அப்ப நான் ஒருத்திதான் அவங்க ஆளு," என்றார்.

அன்றிலிருந்து போன இடமெல்லாம் அண்ணி வேன் கதையைத்தான் சொன்னார். மற்றவர்களுக்கும் வேன் போன கதையையும் சேர்த்தே சொன்னார். கொழுந்து நிறுக்கும் இடத்தில் பெண்கள் சிரித்துச் சிரித்துக் கேட்டார்கள். நாங்கள் போய்ச் சேருவதற்கு முன்பே கதை அடுத்த தோட்டத்துக்குப் போயிருந்தது. கொஞ்ச வாக்கு வித்தியாசத்தில்தான், ஆனாலும் அண்ணி ஜெயித்தார்.

ஹோட்டல் பிளான் சபைக்கு வந்தபோது அண்ணி எழுந்தார். "ஹோட்டல் வரட்டும், எங்க புள்ளைங்களுக்கும் வேலை கெடைக்கும். கழிவுத்தண்ணிய மட்டும் அவங்க காணிக்குள்ளயே சுத்தம் பண்ணட்டும்," என்றார். வேனில் ஊர் சுற்றி ஜெயித்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வேன் கதை தெரியாதவர் அந்த ஊரில் இல்லை; வாயை மூடிக்கொண்டிருந்தால் வேன் வாங்கியதால்தான் என்று ஊரே சொல்லும். முதலில் ஒருவர் ஆமாம் என்றார், பிறகு எல்லோரும்.

கம்பெனி முணுமுணுத்துக்கொண்டே பிளானை மாற்றியது. ஹோட்டல் வேலைக்கு ஆள் எடுத்தபோது எங்கள் லயத்திலிருந்து நாலு பிள்ளைகள் சேர்ந்தார்கள். ஓடையில் இன்றைக்கும் நாங்கள் துணி துவைக்கிறோம்.