என்னைத் தேட ஒரு ஆளைத் தாரும்

அப்பா இறந்த அடுத்த வருடம். ஒரு திங்கட்கிழமை காலை வகுப்பில் வரவு எடுக்க வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை. செருமிவிட்டு மறுபடி முயன்றேன். கரகரவென்று ஏதோ வந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்துச் சமாளித்தேன். எனக்குக் காய்ச்சலும் இல்லை, தடிமனும் சளியும் இல்லை. வெள்ளிக்கிழமை பாடசாலை விட்ட பிறகு நான் எந்த மனிதரோடும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. அந்த ஞாயிறு நல்ல மழை, ஆராதனைக்கும் போகவில்லை. பேசாமல் கிடந்த குரல் அடைத்துப் போயிருந்தது, அவ்வளவுதான்.

என் பெயர் சுகந்தி. வயது நாற்பத்தேழு. புளியந்தீவில் ஒரு ஒழுங்கையின் கடைசி வீடு. கணிதம் படிப்பிக்கிறேன். கலியாணம் முடிக்கவில்லை. அம்மா முதலில் போனார், பிறகு அப்பா. தம்பி கனடாவில். மாதத்தில் ஒன்றிரண்டு தடவை அழைப்பான். அவனுக்கும் குடும்பம், வேலை, பனி. குறை சொல்ல மாட்டேன்.

தனிமை என்றால் என்னவென்று கேட்பவர்களுக்கு நான் இப்படித்தான் சொல்வேன். சோற்றுக்கு ஒரு சுண்டு அரிசிதான் போடுவேன், அதிலும் மிஞ்சும். பின்னேரம் வீட்டுக்கு வந்தால், காலையில் குளித்துத் துடைத்துவிட்டுக் கதிரையில் போட்ட துவாய் போட்டபடியே கிடக்கும். அதை யாராவது எடுத்து மடித்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்து அழுதிருக்கிறேன்.

அந்த வருடம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் கிணற்றடியில் வழுக்கி விழுந்தேன். இடுப்பில் அடி. எழும்ப முடியவில்லை. பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது, அவர்கள் கொழும்பில். கூப்பிட்டுப் பார்த்தேன். யாருக்கும் கேட்கவில்லை. வெயில் என் மேலிருந்து நகர்ந்து மதிலில் ஏறும் வரை அந்தச் சீமெந்துத் தரையில் கிடந்தேன். பிறகு எப்படியோ உருண்டு, தூணைப் பிடித்து எழும்பினேன். எலும்பு முறியவில்லை. ஆனால் அங்கே கிடந்தபோது ஒன்று விளங்கியது. நான் இப்படியே செத்தால் திங்கட்கிழமை வரை ஒருவருக்கும் தெரியாது.

அந்தத் தரையில் கிடந்துதான் அந்த ஜெபத்தைச் செய்தேன். சுகம் கேட்கவில்லை. துணை கேட்கக்கூட எனக்குத் துணிவு வரவில்லை. "ஆண்டவரே, நான் இல்லாவிட்டால் என்னைத் தேட ஒரு ஆளைத் தாரும். ஒரே ஒரு ஆள் போதும்." இவ்வளவுதான்.

இடுப்பைக் காட்டப் போன இடத்தில் டொக்டர் இரத்தத்தையும் சோதித்தார். சீனி எல்லையில் நிற்கிறது, பிரஷரும் கூட, தினமும் நடக்க வேண்டும் என்றார். நடந்தேன். முதல் நாள் கல்லடிப் பாலம் வரை போய்த் திரும்புவதற்குள் மூச்சு வாங்கியது. பாலத்தின் நடுவில் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு வாவியைப் பார்த்தேன். தோணியில் இரண்டு பேர் வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஏதோ சொல்ல மற்றவர் சிரித்தார். எனக்கு அவர்கள் மேல் பொறாமை வந்தது.

ஆனாலும் மறுநாள் காலையிலும் போனேன். வீட்டில் இருப்பதை விட அது நல்லது. மெல்ல மெல்லப் பாலம் தாண்டினேன், கல்லடி தாண்டினேன், வாவிக்கரை ரோட்டால் நாவற்குடா, மஞ்சந்தொடுவாய்ப் பக்கம் வரை போகத் தொடங்கினேன். நடக்கும்போதெல்லாம் அதே ஜெபம். பதில் இல்லை. ரோட்டில் யாரும் என்னோடு பேசவுமில்லை. குடையோடு விறுவிறுவென்று நடக்கும் ஒரு பொம்பிளையிடம் யார் என்ன பேசுவது? நாவற்குடாச் சந்தியில் நாய்கள் மட்டும் குரைத்துக்கொண்டு வரும். குடை அவற்றுக்காகத்தான்.

ஒக்டோபரில் பாலத்தடியில் ஒரு பதாகை கட்டினார்கள். அடுத்த வருடம் மார்ச் மாதத்தில் அரை மரதன், இருபத்தொரு கிலோமீற்றர், நடப்பவர்களும் பங்குபற்றலாம் என்று இருந்தது. ஏன் பெயர் கொடுத்தேன் என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. ஒரு கூட்டத்துக்குள் நிற்க ஆசைப்பட்டேன் என்று நினைக்கிறேன்.

எங்கள் பாடசாலை விளையாட்டு ஆசிரியரிடம் போய்க் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஓடப் போறீங்களா? நீங்களா டீச்சர்?"

"ஓம் சேர். எப்பிடித் தொடங்கிற எண்டு சொல்லித் தாங்க."

அவர் நல்ல மனிதர். சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார். "ஒரு லைட் தூணில இருந்து அடுத்த தூண் வரைக்கும் மெல்லமா ஓடுங்க. மறுகா ரெண்டு தூண் நடங்க. மூச்சுத் திணறினா நில்லுங்க. முதல்ல அந்தச் செருப்ப விட்டுப்போட்டு நல்ல சப்பாத்து ஒண்டு வாங்குங்க."

சப்பாத்து வாங்கினேன். குதிக்காலில் கொப்புளம் வந்து, உடைந்து, காய்த்தது. கால் பெருவிரல் நகம் கறுத்தது. உடைந்த மூச்சோடு ஒரு தூண் ஓடி இரண்டு தூண் நடந்தேன். பின்பு இரண்டு ஓடி இரண்டு நடந்தேன். உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்கத் தொடங்கியது. மனம்தான் பழைய தனிமையிலேயே கிடந்தது. முதன்முதலாக இடையில் இளைப்பாறாமல் ஆரையம்பதி வரை போய்த் திரும்பிய நாள் எனக்குப் பெரிய நாள். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றியதும் யாரிடமாவது சொல்ல வேண்டும் போல வாய் துடித்தது. தம்பிக்கு அங்கே நடுச்சாமம். சுவரைப் பார்த்து, "போய்ட்டு வந்திட்டன்" என்று சத்தமாகச் சொன்னேன். சொன்னபின் அழுதேன்.

மாரி தொடங்கியது. நனைந்துகொண்டு நடந்த ஒரு விடிகாலை வெள்ளாப்பில் ஆண்டவரோடு கோபித்தேன். "நான் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லையே. கேட்கிறீரா, இல்லையா?" மழைதான் பெய்தது.

டிசம்பர் விடுமுறை விட்டார்கள். பாடசாலை பூட்டு. விடுமுறையின் முதல் வாரத்தில் எனக்குக் காய்ச்சல் வந்தது. நனைந்த காய்ச்சல் என்று நினைத்து மாத்திரை போட்டுப் படுத்தேன். மறுநாள் கண்ணுக்குப் பின்னால் இடி விழுந்த மாதிரி வலி. சாப்பிட்டதெல்லாம் சத்தியாக வெளியே வந்தது. போன் மேசையில் இருந்தது, சார்ஜ் இறங்கி அணைந்துவிட்டது. எழும்பிப் போய் அதைச் சார்ஜில் குத்த வேண்டும். இந்தா எழும்புகிறேன், இந்தா எழும்புகிறேன் என்று படுத்தே கிடந்தேன். அதற்கடுத்த நாள் காய்ச்சல் விட்டது போல் உடம்பு குளிர்ந்தது. சுகமாகிறது என்று நினைத்தேன். எழும்பி நின்றதும் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கட்டிலுக்குக் கீழே விழுந்தேன். கைகால் ஜில்லென்று இருந்தது. கிணற்றடியில் கிடந்தபோது வந்த பயம்கூட அப்போது வரவில்லை. அசதி மட்டும்தான். "சரி ஆண்டவரே" என்றேன். வேறு ஒன்றும் சொல்ல முடியவில்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. படலையில் யாரோ தட்டும் சத்தம் கேட்டது. கனவு என்றே நினைத்தேன்.

"டீச்சர்! டீச்சர்! உள்ளுக்கு இரிக்கிறீங்களா?"

தெரியாத ஆம்பிளைக் குரல். பதில் சொல்ல நாக்கு எழும்பவில்லை. கட்டிலோரம் ஸ்டூலில் தண்ணீர்க் கோப்பை இருந்தது. கையை நீட்டி அதைத் தட்டிவிட்டேன். சில்வர் கோப்பை, தரையில் விழுந்து கணகணவென்று உருண்டது. வெளியில் அந்தக் குரல் யாரையோ கூப்பிட்டது. "உள்ளுக்கு ஆள் இரிக்கி! மதிலால ஏறுறன், படலையப் புடிங்க!"

டெங்கு. இரத்தத்தை உறைய வைக்கும் அணுக்கள் மிகவும் இறங்கி, பிரஷரும் விழுந்திருந்தது. இன்னும் ஒரு இரவு கடந்திருந்தால் கஷ்டம் என்று டொக்டர் பிறகு சொன்னார்.

கண் தெளிந்து பார்த்தபோது, ஆஸ்பத்திரி வாட்டில் என் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பொம்பிளை இருந்தார். ஐம்பது ஐம்பத்தைந்து வயது. முக்காடு போட்டிருந்தார். தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார். எங்கேயோ கண்ட முகம். ஆனால் யாரென்று பிடிபடவில்லை.

"என்னத் தெரியல்லயா புள்ள? மஞ்சந்தொடுவாயில, வாவிக்கர ரோட்டில, இடியப்பம் விக்கிற. ஒவ்வொரு நாளும் எங்கட வாசலாலதானே போறீங்க. டீச்சர் எண்டு இடியப்பம் வாங்க வாற புள்ளைகள் சொன்ன."

அப்போதுதான் தெரிந்தது. நீலக் கதவு வீட்டு வாசலில், ஆவி பறக்கும் அடுப்புக்குப் பின்னால் இருக்கும் பொம்பிளை. பெயர் பரீதா. மாதக் கணக்காக அவரைக் கடந்து போயிருக்கிறேன். ஒரு வார்த்தை நாங்கள் பேசியதில்லை.

"நீங்க போற நேரந்தான் நான் முதல் தட்டு இறக்கிற நேரம்" என்றார். "முதல் நாள் காணல்ல. மழதானே எண்டு நினைச்சன். அடுத்த நாள் மழ விட்டுட்டு, அண்டைக்கும் காணல்ல. மூணாம் நாளும் காணல்ல. எனக்கு மனசு சரியில்ல. இவருக்கிட்டச் சொன்னன், அந்த நடக்கிற டீச்சரக் காணல்ல, போய்ப் பாருங்க எண்டு."

'இவர்' என்றது அவருடைய கணவர் காசிமை. ஓட்டோ ஓடுகிறவர். ஒரு நாள் புளியந்தீவுக்கு ஹயர் போனபோது நான் ஒழுங்கைக்குள் திரும்பியதைக் கண்டிருக்கிறார். ஒழுங்கை முனைக் கடையில், "காலையில நடக்கிற டீச்சர்ட வீடு எது?" என்று விசாரித்திருக்கிறார். கடைக்காரர் காட்டிவிட்டுக் கூடவே வந்திருக்கிறார். அவர்கள் இரண்டு பேரும்தான் என்னைத் தூக்கி ஓட்டோவில் ஏற்றினார்கள்.

"என்ர பேர்கூட உங்களுக்குத் தெரியாதே" என்றேன்.

"பேரு தெரியாட்டி என்னகா? ஆளத் தெரியுந்தானே" என்று ஒரு சுளையை என் வாயில் வைத்தார்.

சுளையை மெல்ல முடியாமல் அழுதேன். வலியில் அழுகிறேன் என்று நினைத்து அவர் தாதியைக் கூப்பிட எழும்பினார். கையைப் பிடித்து நிறுத்தினேன். கிணற்றடியில் நான் கேட்டதை அவரிடம் சொன்னேன். அவர் உரித்த பழத்தைக் கீழே வைத்தார். பிறகு, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். அவர் தன் வழியில் நன்றி சொன்னார், நான் என் வழியில் ஸ்தோத்திரம் சொன்னேன். நான் பதில் இல்லை பதில் இல்லை என்று கோபித்துத் திரிந்த அத்தனை காலையும், ஆண்டவர் அந்தப் பதிலின் முன்னாலேயே என்னை நடத்திக்கொண்டு போயிருக்கிறார். எனக்குத்தான் தெரியவில்லை.

ஜனவரி முழுவதும் உடம்பில் பலமில்லை. படலை வரை நடந்தாலே வியர்க்கும். அரை மரதனை விட்டுவிடத்தான் இருந்தேன். பரீதா விடவில்லை. "மெல்ல மெல்ல வாங்க. ஓட வேணாம். எங்கட வாசல் மட்டும் வந்து ஒரு பிளேன்டீ குடிச்சிட்டுப் போங்க." அந்தப் பிளேன்டீக்காகத்தான் மறுபடி சப்பாத்தைக் கட்டினேன். டொக்டரும் ஓடாமல் நடக்கச் சம்மதம் தந்தார்.

மார்ச் மாதம் அந்த நாள் வந்தது. எல்லோரும் புறப்பட்டு ஓடினார்கள். கூட்டத்துக்குள் நிற்க ஆசைப்பட்டவள் நான். கொஞ்ச நேரத்தில் கூட்டம் என்னைக் கடந்து போய்விட்டது. வெயில் ஏறியது. தண்ணீர் கொடுத்த மேசைகளைக்கூட மடித்துக்கொண்டிருந்தார்கள். பின்தங்கியவர்களை ஏற்றும் வான் ஒன்று பின்னால் மெதுவாக வந்தது. உள்ளே இருந்தவர் தலையை நீட்டினார்.

"அக்கா, ஏறுங்க. இன்னும் நிறையத் தூரம் கிடக்கு."

"இல்ல தம்பி, நீங்க போங்க. நான் நடந்தே வாறன்."

வான் போய்விட்டது. ரோட்டில் நான் மட்டும். தொடைகள் இறுகிப் போயின. வாவியில் வெயில் பட்டுக் கண் கூசியது. அந்த இடத்தில் ஒன்றைக் கவனித்தேன். நான் தனியாகத்தான் இருந்தேன். ஆனால் அந்தப் பழைய பயம் இல்லை. நான் வந்து சேரவில்லை என்றால் கேட்பதற்கு ஆள் உண்டு. அது ஒன்று போதுமாக இருந்தது. கடைசியாக எல்லையை நெருங்கியபோது அங்கே கட்டியிருந்த வளைவைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். கழற்றியவர்களில் ஒருவர் ஏணியில் நின்றபடியே கை தட்டினார். பதக்கம் தந்தார்கள். கடைசி ஆள் நான்தான். பாதம் முழுக்கக் கொப்புளம். வாய் நிறையத் துதி.

பொய் சொல்லிச் சாட்சி சொல்லக் கூடாது. என் வீடு இன்னும் வெறுமைதான். சில பின்னேரங்களில் இன்னும் அழுகை வரும். இப்போதும் தனியாகத்தான் நடக்கிறேன். ஆனால் வழியில் இருக்கிறவர்களுக்கு வணக்கம் சொல்கிறேன், பெயர் கேட்கிறேன். எங்கள் சபையில் தனியாக இருக்கும் மூன்று நான்கு பேருக்கு ஒவ்வொரு நாளும் போன் எடுக்கிறேன். ஒருவர் எடுக்காவிட்டால் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே போய்விடுவேன். ஒரு தரம் தூங்கிக்கொண்டிருந்த ஒரு ஐயாவைப் படலையில் நின்று கத்தி எழுப்பி, நல்ல ஏச்சும் வாங்கினேன்.

இதை வாசிக்கும் நீங்களும் யாருமில்லாத ஒரு வீட்டில் இருக்கலாம். பேசாமலே பல நாள் போயிருக்கலாம். எனக்குச் செவிகொடுத்த ஆண்டவர் உங்களுக்கும் செவிகொடுப்பார். வெட்கப்படாமல் கேளுங்கள். சின்னதாகவே கேளுங்கள். கேட்டுவிட்டு வீட்டுக்குள் இருக்காதீர்கள். கதவைத் திறந்து வெளியே வாருங்கள், நாலு பேர் கண்ணில் படும்படி நடங்கள். மற்றதை அவர் பார்த்துக்கொள்வார்.